தமிழரும் சீனரும்: கூரை யாருடையது?

(சாங்கியில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு கொஞ்சம் வில்லங்கமானது. கடல் கடந்து பிழைக்க வந்த இரண்டு சமூகங்களை, தமிழரையும் சீனரையும், அருகருகே நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுகிறார்கள். ஒன்று, அடுத்தவர்மேல் பொறாமை. மற்றொன்று, நம்மை நாமே இகழ்ந்து கொள்வது. நம்மிடையே இந்த இரண்டாவது நோய்தான் அதிகம். டீக்கடையில் போய் உட்கார்ந்தால் காதில் விழும்: "சீனன் வந்தான், மூட்டை சுமந்தான், கடை வைத்தான், கட்டடம் எழுப்பினான். நம் ஆள் வந்தான், கள்ளைக் குடித்தான், காவடி எடுத்தான், லயத்திலேயே கிடந்தான்." இதைச் சொல்கிறவர் வேற்று இனத்தவர் அல்லர், நம்மவர்தாம். பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக் கொண்டிருக்கும்போதே சொல்கிறார்கள்.

பிள்ளைகள் இதை நம்பிவிடுகிறார்கள். தங்கள் இரத்தத்திலேயே ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்து வளர்கிறார்கள். அதனால்தான் இந்தத் தலைப்பைத் தட்டிக் கழிக்காமல் ஏற்றுக் கொண்டோம். இரத்தத்தில் ஒன்றும் இல்லை. வந்த வழியில் இருக்கிறது, கூலி கொடுத்த முறையில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைக்கு மேல் இருந்த கூரை யாருக்குச் சொந்தம் என்பதில் இருக்கிறது.

முதலில் வந்த வழி. நம் பாட்டன்மார் முதலில் சஞ்சிக் கூலிகளாக வந்தார்கள். இத்தனை ஆண்டு ஒரே முதலாளியிடம் உழைப்பேன் என்று கைநாட்டு வைத்து வந்தவர்கள். அந்த முறை 1910-இல் நின்றது. பிறகு கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி சொந்த ஊருக்குப் போய், உறவுக்காரனையும் ஊர்க்காரனையும் சேர்த்துக் கொண்டு வருவார். 1907-இல் அரசாங்கம் ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்திற்று. தமிழ்த் தொழிலாளியை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லாரும் அதில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆட்களைக் கப்பலேற்றி இங்கே இறக்கினார்கள். இலவசப் பயணம்தானே, நல்லதுதானே என்று தோன்றும். தோட்டங்களுக்கு ஆள் பஞ்சம் வராமல் பார்த்துக் கொள்வதுதான் அந்த நிதியின் வேலை. ஆள் தாராளமாகக் கிடைத்தால் கூலி ஏறுமா? கப்பல் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் கிடந்து, அங்கிருந்து நேரே தோட்டத்துக்குப் போனார்கள். அவர்கள் நிலையாகக் கால் வைத்த முதல் மண்ணே துரையின் மண். லயம் துரையுடையது, தண்ணீர்க் குழாய் துரையுடையது, மருந்தகம், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே.

சீனர் வந்த வழியும் பூப்பாதை அன்று. கப்பல் கட்டணத்தைக் கடனாக வாங்கிக் கொண்டு வந்தார்கள். அந்தக் கடன் தீரும்வரை வாங்கியவனுக்கு அடிமை மாதிரிதான். ஈயச் சுரங்கத்திலும் மிளகு, கம்பீர்த் தோட்டங்களிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களுடைய ஒப்பந்தக் கூலி முறை 1914-இல்தான் ஒழிந்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. கடன் தீர்ந்த சீனத் தொழிலாளி வெளியே வந்தால் அவருக்கு ஒரு பட்டணம் இருந்தது. அந்தப் பட்டணத்தில் அவர் பேசும் கிளைமொழியைப் பேசுகிறவர்களின் சங்கம் இருந்தது. சங்கத்துக்குக் கடைத்தெருவில் பட்டாவோடு சொந்தக் கட்டடம் இருந்தது. படுக்க இடம், வேலைக்கு ஒரு சொல், செத்தால் புதைக்க ஒரு குழி, எல்லாம் அங்கே. சீனர் ஒற்றுமையானவர்கள், நாம் சாதியால் பிரிந்தவர்கள் என்றும் சொல்வார்கள். சாதிப் பிரிவு உண்மைதான், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் சீனரும் அடித்துக் கொண்டவர்கள்தாம். 1854-இல் இதே சிங்கப்பூரில் ஹொக்கியெனும் தியோச்சூவும் மோதிய கலவரம் நாட்கணக்கில் நடந்தது. பிரிந்து கிடந்தாலும் ஒவ்வொரு பிரிவுக்கும் சொந்தமாக ஒரு கூரை இருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நமக்கும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயில் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அந்த மாரியம்மனும் துரை நிலத்தில்தான் குடியிருந்தாள். பிற்காலத்தில் தோட்டத்தை விற்றபோது, லயத்தோடு அவளையும் காலி பண்ணச் சொன்ன கதை இங்கே வந்திருக்கிற பலருக்குத் தெரியும்.

கள்ளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால், பூசி மெழுகுகிறார்கள் என்பீர்கள். கள் நம் குடும்பங்களைக் கெடுத்தது. ஆனால் அதே வெள்ளைக்கார அரசாங்கம் சீனருக்கு அபின் விற்றது. அபின் வருமானம் பல காலம் இந்தக் குடியேற்றங்களின் கஜானாவையே தாங்கி நின்றது. அதைச் சட்டப்படி ஒழித்தது இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946-இல்தான். சீனத் தொழிலாளிக்கு அபின், தமிழ்த் தொழிலாளிக்குக் கள், இருவரும் சம்பாதித்ததில் ஒரு பங்கு மறுபடியும் மேலே போனது. குடித்ததனால் நாம் தாழ்ந்தோம் என்றால், அபினால் அவர்கள் நம்மைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே இந்தக் காரணம் நிற்காது. ஊருக்குப் பணம் அனுப்பியே அழிந்தோம் என்பதும் நிற்காது. சீனரும் அனுப்பினார்கள். 1890-இல் சிங்கப்பூருக்கு வந்த டான் கா கீ ரப்பரில் சம்பாதித்ததைக் கொட்டி 1921-இல் பல்கலைக்கழகம் கட்டியது இங்கே அன்று, சீனாவின் சியாமென் நகரில்.

கூலி கொடுத்த முறைக்கு வருவோம். நம்மவருக்கு நாட்கூலி. பெரட்டில் பெயர் கொடுத்து, நிரை வெட்டி, பால் எடை போட்டால் இத்தனை காசு. 1920-ஆம் ஆண்டுகளின் கடைசியில் முக்கிய வட்டாரங்களில் அரசாங்கம் நிர்ணயித்த கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சீனத் தொழிலாளர் பெரும்பாலும் குத்தகைக்கு வெட்டினார்கள், சிறு தோட்டங்களில் பாதிப் பங்குக்கு வெட்டினார்கள். விலை விழுந்தால் அவர்களுக்கும் அடிதான். விலை ஏறினால் ஏற்றத்தில் ஒரு துளியாவது அவர்கள் கைக்கு வந்தது. நம் கைக்கு அது வருவதற்குச் சங்கம் பிறந்து, மேசையில் உட்கார்ந்து, ரப்பர் விலையோடு சம்பளத்தைக் கட்டிப் பேச வேண்டியிருந்தது. ரப்பரில் முதலாளி ஆன சீனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலாக்காவில் டான் சே யான் 1896-லேயே ரப்பர் நட்டார். பின்னால் லீ கொங் சியானின் லீ ரப்பர் உலகறிந்த நிறுவனமாயிற்று. ஆனால் அவர்கள் முதலாளிகள். சீன முதலாளியின் தோட்டத்தில் வெட்டிய சீனத் தொழிலாளி மாளிகையில் வாழவில்லை. நம் பக்கத்திலும் மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார்களை எடுத்து லயத்துத் தமிழரோடு சேர்த்துச் சராசரி போட்டால் கணக்கு கெட்டுப் போகும். தொழிலாளியைத் தொழிலாளியோடு ஒப்பிடுவதுதான் முறை.

தோழர்களே, நம் இரு சமூகங்களின் பாதை பிரிந்த இடம் எது என்று கேட்டால், 1930-இல் தொடங்கிய விலை வீழ்ச்சிக் காலம் என்போம். ரப்பர் விலை தரையில் விழுந்தது. தோட்டங்கள் ஆளைக் குறைத்தன. வேலை போன தமிழருக்கு என்ன ஆயிற்று? லயம் வேலையோடு ஒட்டியது, ஆகவே வேலை போனதும் லயமும் போயிற்று. குடியேற்ற நிதியே டிக்கெட் எடுத்துக் கொடுத்து, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மூட்டை முடிச்சோடு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிற்று. தேவைப்பட்டபோது வரவழைத்து, தேவையில்லாதபோது திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. சீனரிலும் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆனால் பெருந்தொகையினர் காட்டோரத்துக்குப் போனார்கள். பட்டா இல்லாத நிலத்தை வெட்டித் திருத்திக் கீரை போட்டார்கள், மரவள்ளி நட்டார்கள், பன்றியும் கோழியும் வளர்த்தார்கள். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. ஆனால் அந்தக் குடிசையில் இருந்தவரைக் காலையில் பெரட்டுக்கு வா என்று கூப்பிட எவரும் இல்லை. மறுபடி தோட்டத்தில் வேலை கிடைத்தால் போனார்கள், கூலி கட்டாவிட்டால் மண்வெட்டிக்குத் திரும்பினார்கள். கூலி குறைத்தால் போய்விடுவான் என்று முதலாளிக்குத் தெரிந்த தொழிலாளிக்கும், போக இடமில்லை என்று தெரிந்த தொழிலாளிக்கும் ஒரே கூலியா கிடைக்கும்?

இதை நாம் இன்றைக்கு உட்கார்ந்து கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளும் தெரிந்து கொள்ள வேண்டும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பது ஒன்று. எங்களை அடித்துத் துன்புறுத்தும் கிராணிகளை மாற்று என்பது ஒன்று. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு என்பன வேறு. இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும், அந்த வழக்கத்தை நிறுத்து என்பது. சைக்கிள் தொழிலாளியின் சொந்தக் காசில் வாங்கியது. ஆனால் பாதை துரையுடையது! நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. மே மாதத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். தமிழன் கேட்காமல் கிடந்தான் என்று டீக்கடையில் சொல்கிறவர்கள் இந்த ஐந்து பேரையும் நினைத்துக் கொள்ளட்டும். கள்ளுக்கடையை மூடச் சொன்னதே தமிழ்த் தொழிலாளிதான் என்பதையும் சேர்த்து நினைத்துக் கொள்ளட்டும்.

நாம் கூடியிருக்கும் இந்தச் சாங்கியைப் பற்றிப் பேசாமல் போகக் கூடாது. ஜப்பானியர் காலத்தில் 1942 பிப்ரவரி 20-ஆம் நாள் இந்தக் கடற்கரையில் 66 சீன ஆண்களைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். சிங்கப்பூர் முழுதும் அந்த நாட்களில் கொல்லப்பட்ட சீனர் ஆயிரக்கணக்கானோர். இதே காலத்தில், 1942-43-இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழரை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி, 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். துன்பத்தில் யாருடையது பெரிது என்று எடை போடுவது அசிங்கம். நாம் சொல்ல வருவது பிந்தி நடந்ததை. போருக்குப் பிறகு சீன வர்த்தகச் சங்கம் புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளைச் சேர்த்தது, இரத்தக் கடன் என்று பேர் சொல்லிக் கேட்டது. 1966-இல் ஜப்பான் 5 கோடி வெள்ளி தர ஒப்புக் கொண்டது, பாதி மானியம், பாதி கடன். 1967 பிப்ரவரி 15-இல் பீச் ரோட்டில் நான்கு தூண்களுடன் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அது எல்லா இனத்தாருக்கும் பொதுவான சின்னம், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சயாமுக்குப் போன தோட்டத் தமிழரில் எத்தனை பேர் திரும்பவில்லை என்ற சரியான தொகையே இன்றுவரை இல்லை. லயத்தில் அவர்கள் படுத்த அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

போர் முடிந்து அவசரகாலம் வந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்துச் சீனரை வளைத்துப் பிடித்துப் புதுக்கிராமங்களில் கொண்டு வைத்தார்கள். 5 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். முள்வேலி, காவல் கோபுரம், ஊரடங்கு, அரிசிக்குக் கூட அளவு. கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் காலப்போக்கில் அந்த முள்வேலி போயிற்று, மனைக்கட்டு நின்றது. வீட்டு மனை, குத்தகைப் பத்திரம், பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஊராட்சி மன்றம். இன்று அவற்றில் பல, பட்டணங்களோடு ஒட்டிய ஊர்கள். அதே ஆண்டுகளில் அதே முள்வேலி தோட்ட லயங்களையும் சுற்றி எழுந்தது. அங்கும் இலட்சக்கணக்கானவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார்கள். ஆனால் முதலாளியின் நிலத்திலேயே கட்டினார்கள். நம்மவருக்கு மனையும் இல்லை, பத்திரமும் இல்லை. முள்வேலி போனபின் நமக்கு மிஞ்சியது பழைய லயம்தான்.

பள்ளிக்கூடக் கதையும் இதன் தம்பிதான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். சில இடத்தில் மாட்டுக் கொட்டகை போல ஒன்று, கிராணியே வாத்தியார். சீனர் தங்கள் சங்கங்களின் காசில், பட்டணத்து நிலத்தில், உயர்நிலைப் பள்ளிவரை கட்டிக் கொண்டார்கள். நான்யாங் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டியபோது, 1954-இல், டிரைஷா ஓட்டுநர்களும் டாக்சி ஓட்டுநர்களும் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். நிலம் ஹொக்கியென் சங்கம் கொடுத்தது. நம்மவர் கொடுக்கவில்லையா? கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி தொடங்கியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்துத் தமிழ் நூல்களுக்காகத் தோட்டத் தொழிலாளரும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். நாட்கூலிக்காரன் கொடுத்த அந்த ஒரு வெள்ளி சின்னது அன்று. நூல்கள் வந்தன, கட்டடம் கட்ட நிலம்தான் நம்மிடம் இல்லை. மலேசியாவில் இன்று ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள், எல்லாம் தொடக்கப்பள்ளிகள். சீனருக்குச் சுமார் 1,300 தொடக்கப்பள்ளிகளும், அவர்கள் சொந்தமாக நடத்தும் 60-க்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளும் உண்டு. நமக்கு உயர்நிலையில் ஒன்றுகூட இல்லை. தலைகளின் எண்ணிக்கை குறைவு என்பதும் ஒரு காரணம், அதையும் ஒப்புக் கொள்வோம். வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருந்தால்தானே கடை ஓடும், பிள்ளைகள் நிறைய இருந்தால்தானே பள்ளி நிற்கும்.

இனிச் சிங்கப்பூர்ப் பக்கம் வருவோம். கூரைதான் காரணம் என்று சொன்னோமே, அதற்கு இந்தத் தீவில் ஒரு சாட்சி இருக்கிறது. சீனரெல்லாம் பணக்காரர் என்று நினைக்கிறவர்கள் புக்கிட் ஹோ சுவீயை நினைக்க வேண்டும். 1961 மே 25-இல் அந்த அத்தாப்புக் கம்பம் எரிந்து, ஏறத்தாழ 16,000 பேர் வீதிக்கு வந்தார்கள், பெரும்பாலும் ஏழைச் சீனர். ஓராண்டுக்குள் அவர்களுக்கு அடுக்குமாடி எழுந்தது. 1960-இல் அமைத்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1964-இல் வீடுகளைச் சொந்தமாக விற்கத் தொடங்கியது. 1968-லிருந்து மத்திய சேமநிதியில் உள்ள பணத்தையே வீட்டுக்குக் கட்டலாம் என்றார்கள். கையில் ரொக்கம் இல்லாத தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தது, வயதான காலத்துக்குச் சேர்ந்தது, அப்போதே கூரையாக மாறியது.

சாங்கித் தொழிலாளருக்கு அந்தக் கூரை சரியான நேரத்தில் வந்தது. இங்கே 1927-இல் பிரிட்டிஷ் படையின் கட்டுமானம் தொடங்கியது. பின்னர் விமானப்படைத் தளம். நம்மவர் பலருக்கு அதில் வேலை. படைத்தளக் குடியிருப்பில் இருந்தவருக்கு அதுவும் ஒரு லயம் மாதிரிதான், வேலை இருந்தால் வீடு. 1968 ஜனவரியில் பிரிட்டன் படையைத் திரும்ப அழைக்கப் போவதாக அறிவித்தது, 1971-க்குள் போய்விட்டார்கள். சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. குடியுரிமை இல்லாத பலர் ஊர் திரும்பினார்கள். குடியுரிமை எடுத்தவர்கள் பிடோக், தெம்பனிஸ் என்று எழுந்த புதிய பேட்டைகளில் வீடு வாங்கினார்கள். 1981-இல் சாங்கி விமான நிலையம் திறந்தது. அதில் வேலைக்குப் போனவர் அந்த வேலையை இழந்தாலும் வீட்டை இழக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீனருக்கும் அதே அளவு வீடு, அதே சேமநிதி.

பலன் என்ன? 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியக் குடும்பத்தின் நடுமட்ட மாத வருமானம் 5,370 வெள்ளி. சீனக் குடும்பத்தினுடையது 5,100 வெள்ளி. இதைக் கேட்டுக் கைதட்ட அவசரப்படாதீர்கள். 1990-ஆம் ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வந்த கணினிக்காரரும் வங்கிக்காரரும் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். ரப்பர் வெட்டியவரின் பேரனும், நேற்று வந்த பொறியாளரும் ஒரே கட்டத்துக்குள். சராசரியில் நம் ஏழைகள் மறைந்து போகிறார்கள். இருந்தாலும், இரத்தத்தில் குறை என்று சொன்னவர் வாயை அடைக்க இது போதும்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து எண்ணையும் கேளுங்கள். மலேசியாவில் நிறுவனப் பங்குகளில் இந்தியர் கையில் இருந்தது 1970-இல் 100-க்கு 1.1. 2004-இல் 1.2. மக்கள்தொகையிலோ நாம் 100-க்கு ஏறத்தாழ 7 பேர். அதே காலத்தில் சீனரின் பங்கு 27.2-லிருந்து 39-க்குப் போயிற்று. முப்பத்து நான்கு ஆண்டில் நமக்கு ஏறியது ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்கு! ஒரே கப்பலில் வந்த அண்ணன் தம்பி, ஒருவர் சிங்கப்பூரில் இறங்கினார், ஒருவர் கிள்ளானில் இறங்கினார். இரத்தம் ஒன்றுதானே?

கிள்ளானில் இறங்கியவர் கையைக் கட்டிக் கொண்டு நிற்கவில்லை. 1950-ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வாங்கியவர்களில் சீனரும் உண்டு, நம்மவரும் உண்டு, இலாபத்துக்கு இனம் ஏது? வேலையும் லயமும் ஒரே நாளில் போன குடும்பங்களுக்காகத் தொழிற்சங்கம் கூச்சல் போட்டது. உங்கு அசிஸ் ஆய்வு செய்து அறிக்கை எழுதினார். 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டுகிற தோட்டத்தில் வெட்டுகிறவனுக்கே பங்கு! சீனர் சங்கம் போட்டுச் செய்ததை நாமும் செய்ய முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. எல்லாத் தோட்டத்தையும் வாங்க அந்தப் பத்து வெள்ளி போதவில்லை, அவ்வளவுதான்.

அதற்குள் 1969 வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ 60,000 தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். முப்பது நாற்பது ஆண்டு இந்த மண்ணில் வெட்டியவர்கள். குடியுரிமைத் தாளை எடுத்து வைக்கும்படி அவர்களிடம் தக்க சமயத்தில் போய்ச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பின்னர் 1980-ஆம் ஆண்டுகளிலிருந்து தோட்டங்கள் வீட்டு மனைகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறின. ஓய்வு பெற்ற பெரியவர் மூன்று மாத அவகாசத்தில் லயத்தைக் காலி பண்ணி, பட்டணத்து ஓரத்தில் புறம்போக்குக் குடிசை போட்டார். சீனர் 1930-இல் போட்ட குடிசையை நம்மவர் ஐம்பது ஆண்டு பிந்திப் போட்டார். அப்போது காட்டோரத்தில் கீரை போட நிலம் மிச்சமில்லை.

ஆகவே தோட்டத் தோழர்கள் சம்பளப் பேச்சு நடக்கும்போது, சம்பளத்தோடு வீட்டையும் கேளுங்கள். லயத்தைப் பழுது பார்க்கும் பேச்சு வேறு, ஓய்வு பெறும்போது சொந்தப் பெயரில் பத்திரம் கிடைக்கும் வீட்டுத் திட்டம் வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். சில தோட்டங்களில் தொழிலாளர் வீடு வாங்கும் திட்டம் வந்திருக்கிறது, பல இடங்களில் தாளோடு நிற்கிறது. தோட்டம் கைமாறும் செய்தி காதில் விழுந்த அன்றே கிளைச் செயலாளரிடம் போங்கள். விற்ற பிறகு போனால், வாங்கியவர் விற்றவரைக் கைகாட்டுவார், விற்றவர் கடல் கடந்திருப்பார். ஊழியர் சேமநிதிக் கணக்கில் உங்கள் பெயரும் வாரிசின் பெயரும் சரியாக இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். பெயர் எழுத்துப் பிழையால் தட்டுக்கெட்டுப் போன குடும்பங்களைச் சங்க அலுவலகங்களில் இன்றும் பார்க்கிறோம்.

கடைசியாக இன்னொன்று. இன்று அந்த லயங்களில் விளக்கு எரிகிறது. உள்ளே இருப்பவர்கள் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளிகள். சிங்கப்பூரிலும் கட்டட வேலைக்கு வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சீனாவிலிருந்து வந்த பிள்ளைகளும் தொழிலாளர் விடுதிகளில் இருக்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது இந்தத் தீவில் நோய் கண்டவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் அந்த விடுதிகளில் இருந்தவர்கள். ஓர் அறையில் அத்தனை கட்டில். வேலை அனுமதி முதலாளி கையில், படுக்கையும் அவர் ஏற்பாடு. அங்கே தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில்தான் படுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அவர்களைப் பார்ப்பீர்கள். பார்த்தால் நின்று பேசுங்கள். எந்த ஊர், எத்தனை கடன் வாங்கி வந்தாய், சம்பளச் சீட்டு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கையில் சீட்டு இல்லையென்றால் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.